மிதிக்காத ஒரு நாள்

நீண்ட தூர சைக்கிள் பயணத்துக்குத் திட்டம் போடும்போது நாள் போதாவிட்டால் முதலில் கை வைப்பது ஓய்வு நாளில்தான். இரண்டு வார விடுப்பு இருக்கிறது, 780 கிலோமீட்டர் போக வேண்டும், வழியில் மலை இருக்கிறது, டயர் பஞ்சராகும், மழை வரும். கூட்டிக் கழித்துப் பார்த்தால், நடுவில் ஒரு நகரத்தில் சைக்கிளை நிறுத்திவிட்டு ஊர் பார்ப்பதற்கென்று ஒதுக்கிய நாள் ஆடம்பரமாகத் தெரியும். அது அடிபட்டுப் போகும். பிரான்ஸ் எல்லையில் உள்ள சான் ழான் பியே தெ போர் என்ற சிற்றூரிலிருந்து பிரனீஸ் மலையைத் தாண்டி, வட ஸ்பெயினைக் குறுக்காகக் கடந்து சாந்தியாகோ தே கொம்போஸ்தேலா வரை போகும் யாத்திரைப் பாதையின் தூரம்தான் அந்த 780. நம்மூர்க் கத்தோலிக்கர்கள் சந்தியாகப்பர் என்று வணங்கும் புனித யாக்கோபின் கல்லறை இருப்பதாக நம்பப்படும் இடத்தில் அது முடிகிறது. நடப்பவர்களுக்கு ஒரு மாதத்துக்கு மேல் பிடிக்கும் தூரத்தைச் சைக்கிளில் இரண்டு வாரத்தில் முடித்துவிடலாம். அந்த வழியில் 280 கிலோமீட்டரைத் தாண்டியதும் வருகிற புர்கோஸ் நகரத்தில் ஒரு முழு நாள், அதாவது இரண்டு இரவுகள், தங்க வேண்டும் என்பது என் வாதம். கால் வலிக்கு மருந்தாக மட்டும் இதைச் சொல்லவில்லை. அதுவரை மிதித்து வந்த சாலை ஏன் அங்கே போடப்பட்டது, எதையெல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் கண்டுகொள்ளாமல் கடந்து வந்தோம் என்ற கேள்விகளுக்குச் சாலையில் விடை கிடைப்பதில்லை. அந்த விடைகள் இந்த நகரத்தில் இருக்கின்றன.

இதற்கு நல்ல சான்று அதாபுவெர்கா. புர்கோஸுக்குக் கிழக்கே, நகரத்தை அடைவதற்குச் சற்று முன்னால், யாத்திரைப் பாதை இந்த ஊரைத் தொட்டுக்கொண்டுதான் போகிறது. சைக்கிள் இருக்கையிலிருந்து பார்த்தால் தெரிவது ஒரு தாழ்ந்த சுண்ணாம்புக்கல் குன்று, குட்டை மரங்கள், ராணுவப் பயிற்சி நிலத்தைச் சுற்றிய கம்பிவேலி. அவ்வளவுதான். ஆனால் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒரு சுரங்க ரயில் பாதைக்காக இந்தக் குன்றை வெட்டியபோது மண் மூடிய குகைகள் வெளியே தெரிந்தன. 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தொடங்கிய அகழாய்வுகள், ஐரோப்பாவில் மனித இனத்தின் வரலாற்றையே திருத்தி எழுத வைத்தன. 1994ல் கிடைத்த, 8 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தைய எலும்புகளை ஹோமோ ஆன்டிசெஸர் என்ற தனி இனமாக 1997ல் அறிவித்தார்கள். எலும்புக்குழி என்று பெயர் பெற்ற இன்னொரு ஆழமான பள்ளத்தில், ஏறத்தாழ 4,30,000 ஆண்டுகளுக்கு முன் இறந்த குறைந்தது 28 பேரின் எலும்புகள் ஒன்றாகக் கிடந்தன. 2000ல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. சாலையோரம் சைக்கிளைச் சாய்த்துவிட்டு உள்ளே போய்ப் பார்க்க முடியாது. அகழாய்வு இடத்துக்கு முன்பதிவு செய்து வழிகாட்டியோடுதான் போக முடியும். தோண்டியெடுத்த முக்கியமான எலும்புகள் இருப்பதோ புர்கோஸில், ஆர்லான்சோன் ஆற்றங்கரையில் 2010ல் திறந்த மனிதப் பரிணாம அருங்காட்சியகத்தில். குன்றைக் கடந்தவர், குன்றுக்குள் இருந்ததை நகரத்தில்தான் பார்க்க வேண்டும்.

அங்கே ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் மண்டையோட்டின் முன்னால் சைக்கிள்காரர்கள் கொஞ்சம் நின்றுதான் ஆக வேண்டும். 1992ல் எலும்புக்குழியில் கிடைத்த 5ஆம் எண் மண்டையோடு அது. அதே கோடையில் தூர் தெ பிரான்ஸ் பந்தயத்தை இரண்டாவது முறையாக வென்றிருந்த மிகெல் இந்துராய்னின் நினைவாக, ஆய்வாளர்கள் அதற்கு மிகெலோன் என்று செல்லப்பெயர் வைத்தார்கள். தாடைப் பக்கம் உற்றுப் பார்த்தால் உடைந்த பல்லிலிருந்து பரவிய சீழ்த்தொற்று எலும்பை அரித்திருக்கும் தடம் தெரியும்; அதனாலேயே அவர் இறந்திருக்கலாம் என்று ஒரு கருத்து உண்டு. இந்துராய்ன் பிறந்த வில்யாவா, பாம்ப்லோனா நகரத்தை ஒட்டி, இதே யாத்திரைப் பாதையில் இருக்கிறது. புர்கோஸுக்கு வந்து சேரும் ஒவ்வொரு சைக்கிள்காரரும் சில நாட்களுக்கு முன் அந்த ஊரைக் கடந்துதான் வந்திருப்பார். வந்த வழியில் தனித்தனியாகக் கிடந்த ஓர் ஊரும் ஒரு குன்றும் நகரத்தில் ஒரே பெட்டிக்குள் சேர்ந்துவிடுகின்றன. இதைத்தான் ஓய்வு நாளின் பயன் என்கிறேன்.

புர்கோஸ் பேராலயத்துக்கு வருவோம். 84 மீட்டர் உயரம் எழும் அதன் இரட்டைக் கோபுரங்கள் தொலைவிலிருந்தே தெரியும். 1984 முதல் அதுவும் உலகப் பாரம்பரியச் சின்னம். வழிகாட்டிப் புத்தகங்கள் இதை ஸ்பானிய கோதிக் கலையின் உச்சம் என்று வர்ணிப்பது வழக்கம். அந்த வர்ணனையை ஒதுக்கிவிட்டு, யார் யாரை எங்கிருந்து அழைத்துவந்தார்கள் என்று பார்த்தால் கட்டடம் வேறு மாதிரி தெரியும். 1221ல் மூன்றாம் பெர்னாண்டோ அரசரோடு சேர்ந்து அடிக்கல் நாட்டிய ஆயர் மௌரீசியோ, அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் அரசருக்கு மணப்பெண் அழைத்துவர ஜெர்மனி வரை போய் வந்தவர். பிரான்சில் அப்போது எழுந்துகொண்டிருந்த புது மாதிரி ஆலயங்களைப் போகும் வழியில் அவர் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. 15ஆம் நூற்றாண்டில் பேசல் நகரத்துத் திருச்சபைச் சங்கத்துக்குப் போய்த் திரும்பிய ஆயர் அலோன்சோ தே கார்தகேனா, ஜெர்மனியின் கொலோன் நகரத்துக் கட்டடக் கலைஞர் ஒருவரை வரவழைத்தார். புர்கோஸ்காரர்கள் அவரை ஹுவான் தே கொலோனியா, அதாவது கொலோன்காரர் ஹுவான், என்று அழைத்தார்கள். 1442க்கும் 1458க்கும் இடையில் கல்லில் சல்லடை போட்டது மாதிரி அந்தக் கூர்ங்கோபுரங்களை எழுப்பியவர் அவர்தான். மகன் சிமோன் கட்டிய கொண்டெஸ்தாபிள் சிற்றாலயத்தின் விதானத்தில் ஒரு கல் நட்சத்திரம் இருக்கிறது. அதன் நடுவில் கல்லுக்குப் பதில் கண்ணாடி பதித்திருப்பதால் வெளிச்சம் அதன் வழியாகக் கீழே இறங்குகிறது. பேரன் பிரான்சிஸ்கோவும் இதே ஊரில் சிற்பி ஆனார். இந்த ஆலயம் சாலை வழியே வந்து சேர்ந்த ஆட்களாலும் யோசனைகளாலும் எழுந்தது. சாலையில் வந்தவருக்கு இது சட்டென்று புரிவதில் வியப்பில்லை.

காலுக்குப் புரியக்கூடிய ஒன்றும் உள்ளே இருக்கிறது. பேராலயம் மலைச்சரிவில் நிற்கிறது. வடக்குத் தெரு ஆலயத் தரையைவிட ஏறத்தாழ 8 மீட்டர் உயரம். அந்தப் பக்கத்து வாசலைத் திறந்தால் தரை கிடையாது, காற்றுதான். இத்தாலியில் வேலை கற்றுத் திரும்பியிருந்த தியேகோ தே சிலோயே என்ற இளைஞர் 1519ல் இந்தச் சிக்கலைக் கையில் எடுத்து, ஒரு படிக்கட்டு இறங்கி இரண்டாகப் பிரிந்து, மடங்கி, மறுபடி ஒன்றுசேர்ந்து தரையைத் தொடுவதாக அமைத்தார். கைப்பிடிக் கம்பிகளுக்குப் பொன்முலாம் பூசியிருப்பதால் பொற்படிக்கட்டு என்று பெயர். பேருந்தில் வந்து இறங்குகிறவருக்கு இது ஓர் அழகான படிக்கட்டு. நான்கு நாட்களாகச் சரிவுகளை கியர் மாற்றி மாற்றிச் சமாளித்தவருக்கோ, மலைச்சரிவில் ஊர் கட்டியவர்களின் தலைவலி என்னவென்று சொல்லாமலே தெரியும்.

சரி, இவ்வளவு கல்லுக்கும் பொன்னுக்கும் காசு எங்கிருந்து வந்தது? ஆட்டு ரோமத்திலிருந்து. புர்கோஸைச் சூழ்ந்த காஸ்தீலியாவின் மேட்டுநிலத்தில் லட்சக்கணக்கான மெரினோ ஆடுகள் கோடைக்கு வடக்கேயும் குளிர்காலத்துக்குத் தெற்கேயும் ஓட்டிச் செல்லப்பட்டன. ஆட்டுக்காரர்களின் சங்கமான மெஸ்தாவுக்கு 1273ல் அரசர் பத்தாம் அல்போன்சோ தனி உரிமைகள் கொடுத்தார். புர்கோஸ் வணிகர்கள் ரோமத்தை வாங்கிச் சேர்த்து, பிஸ்கே விரிகுடாத் துறைமுகங்கள் வழியாகப் பிளாண்டர்ஸ் பகுதியின் நெசவு நகரங்களுக்குக் கப்பலேற்றினார்கள். 1494ல் கத்தோலிக்க அரசர்கள் என்று பெயர் பெற்ற ஸ்பானிய அரச தம்பதி இங்கே வணிகர் மன்றம் ஒன்றை அமைத்து, வழக்குகளைத் தீர்க்கும் அதிகாரத்தையும் அதற்குத் தந்தார்கள். கடலிலிருந்து வெகு தூரத்தில் இருக்கும் ஊர் கடல் வணிகத்தைக் கட்டி ஆண்ட விந்தை இது. பேராலயத்துக்கு நேர் மேலே படியேறினால் இருக்கும் சான் நிக்கோலாஸ் ஆலயத்தில் பலிபீடத்துக்குப் பின்னால் தரையிலிருந்து மேலே வரை கல்லிலேயே செதுக்கிய திரைச்சுவர் இருக்கிறது. சிமோனும் பிரான்சிஸ்கோவும் செய்தது, போலான்கோ என்ற வணிகக் குடும்பம் பணம் கொடுத்தது. புனித நிக்கோலாஸ் கடலோடிகளின் காவலர் என்பது தற்செயல் அல்ல. பிளாண்டர்ஸில் போர் மூண்டு 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வணிகம் நொடித்ததும் ஊர் அப்படியே உறைந்துபோனது. பழைய கட்டடங்கள் இவ்வளவு மிஞ்சியதற்கு அந்த வீழ்ச்சியும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். மறுநாள் மேற்கே போகிறவர் ஆளரவமற்ற மேட்டுநிலத்தை வெறும் வெட்டவெளி என்று பார்க்க மாட்டார்.

இதெல்லாம் இருக்கட்டும், போகிற போக்கில் இரண்டு மணி நேரம் நின்று பேராலயத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்பினால் போதாதா என்று கேட்கலாம். நடைமுறையில் அது முடியாது. பின்சக்கரத்தின் இருபுறமும் பை தொங்கும் சைக்கிளைப் பேராலயச் சதுக்கத்தில் விட்டுவிட்டு உள்ளே போகிறவரின் பாதி மனம் வெளியேதான் இருக்கும். பெடலில் மாட்டும் இரும்புக் குமிழ் வைத்த காலணியோடு தேய்ந்த கல்தரையில் நடப்பது வழுக்கு மரம் ஏறுவதைவிடச் சற்றே மேல். வியர்வையும் பசியும் வேறு. பார்ப்பதற்குத் தலையும் கையும் காலியாக இருக்க வேண்டும். அதற்கு அறை வேண்டும், பூட்டிய கதவுக்குப் பின்னால் சைக்கிள் வேண்டும், சாதாரணச் செருப்பு வேண்டும். யாத்திரிகர் விடுதிகள் இதற்கு உதவாது. பொதுவாக அங்கே ஓர் இரவுதான் தங்கலாம், காலை எட்டு மணிக்கெல்லாம் கிளம்பிவிட வேண்டும், நெரிசல் நாளில் நடந்து வந்தவர்களுக்குப் பிறகுதான் சைக்கிள்காரர்களுக்குக் கட்டில். ஆகவே சின்ன ஓட்டலில் காசு கொடுத்து அறை எடுக்க வேண்டியிருக்கும். செலவு கூடும் என்பது உண்மைதான். ஆனால் துணி துவைக்கவும் தேய்ந்த பிரேக் கட்டையை மாற்றவும் எப்படியும் ஓர் ஊர் தேவைப்படும், அந்த வசதி வழியிலுள்ள கிராமங்களில் அரிது.

உடம்பு பற்றிய ஆட்சேபம் இன்னும் கனமானது. தாளம் பிடித்து ஓடும் கால்களை நிறுத்தினால் இறுகிவிடும், மூன்றாம் நாள் இரட்டிப்பாக வலிக்கும் என்று அனுபவசாலிகள் எச்சரிப்பார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. 21 கட்டங்கள் கொண்ட தூர் தெ பிரான்ஸில் இரண்டு ஓய்வு நாட்கள் உண்டு. அந்த நாட்களிலும் வீரர்கள் படுத்துக் கிடப்பதில்லை, ஒன்றிரண்டு மணி நேரம் மெதுவாக மிதித்துவிட்டு வருவார்கள். ஆனால் அதிலிருந்தே இன்னொன்றும் தெரிகிறது. உலகத்தின் மிக வலுவான கால்களுக்கே ஓய்வு நாள் தேவைப்படுகிறது. அலுவலக நாற்காலியிலிருந்து எழுந்து வந்த கால்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். தசைகளில் சேமிப்பாக இருக்கும் கிளைகோஜன் தீர்ந்துபோனால், நன்றாகச் சாப்பிட்டாலும் அது மறுபடி நிரம்ப ஏறத்தாழ ஒரு நாள் ஆகும். ஊர் பார்க்கும் நடை, அசைவற்ற ஓய்வுக்கும் மிதிப்பதற்கும் நடுவில் இருப்பது. கால் இறுகவும் விடாது, சேமிப்பைத் தீர்க்கவும் செய்யாது. ஒரே நிபந்தனை, பார்க்க வேண்டியவை நூறு என்று பட்டியல் போட்டுக்கொண்டு காலை முதல் இரவு வரை அலையக் கூடாது. அருங்காட்சியகத்தில் நின்று நின்று வரும் கால்வலி, மலையேற்றத்தில் வருவதைவிட மோசம்.

அதிவேக ரயில் இருக்கும்போது நகரத்தைப் பிறகு தனியாக வந்து பார்த்துக்கொள்ளலாமே என்பது மூன்றாவது கேள்வி. 2022 ஜூலை முதல் புர்கோஸுக்கு அதிவேக ரயில் ஓடுகிறது. மாட்ரிட்டிலிருந்து ஒன்றரை மணி நேரத்தில் வந்துவிடலாம். வரட்டும், பார்க்கட்டும், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ரயில் ஊருக்கு வெளியே புது நிலையத்தில் இறக்கிவிடும். அங்கிருந்து நேரே பேராலயச் சதுக்கம். ஊர் ஏன் இந்த இடத்தில் இருக்கிறது என்ற கேள்வியே ரயிலில் வந்தவருக்கு எழாது. சைக்கிள்காரர் முந்தின நாள் 1,150 மீட்டர் உயரத்தில் ஓகா மலைக் கணவாயைக் கடந்திருப்பார். ஒரு காலத்தில் வழிப்பறிக்குப் பேர்போன காடு அது. அந்தக் காட்டிலிருந்து தப்பி இறங்கியவர்களுக்கு முதல் ஆறும் முதல் அரணும் இங்கேதான். 884ல் கோட்டையாகத் தொடங்கிய ஊர், அப்படி வந்து நின்றவர்களை வைத்தே வளர்ந்தது. 1495ல் யாத்திரைக்கு வழிகாட்டி நூல் எழுதிய ஹெர்மன் கூனிக் என்ற ஜெர்மானியத் துறவி, புர்கோஸில் 32 சத்திரங்கள் இருப்பதாகக் கணக்குச் சொல்கிறார். மலை முடிந்து, மேட்டுநிலம் தொடங்குவதற்கு முன் ஆட்கள் நின்று இளைப்பாறிய இடம் என்பதே இந்த நகரத்தின் பிறப்புக் காரணம். நிற்காமல் கடந்து போகிறவர் ஆயிரம் ஆண்டுப் பழக்கத்தை மீறித்தான் போகிறார்.

நகரங்களைவிடக் கிராமங்கள்தான் உண்மையான ஸ்பெயின், சைக்கிளில் போவதே நகரத்தைத் தவிர்க்கத்தானே என்று வாதிடுகிறவர்களோடு எனக்குப் பாதி உடன்பாடு. நகரத்துக்குள் நுழைந்ததும் சைக்கிள்காரர் தன் தனித்தன்மையை இழந்து, படமெடுக்கும் கூட்டத்தில் இன்னொரு ஆளாகிவிடுகிறார். நகரத்துக்குள் வரும் வழியும் சோதனைதான். வில்யாஃப்ரியா வழியாக வந்தால் கிடங்குகளும் லாரிகளும் நிறைந்த தொழிற்பேட்டை முடிவதே இல்லை. விவரம் தெரிந்தவர்கள் தெற்கே சுற்றி ஆற்றங்கரையோரம் மர நிழலில் வந்து சேர்கிறார்கள். ஆனால் காஸ்தீலியாவின் கிராமங்கள் பல பத்தாண்டுகளாகக் காலியாகிக்கொண்டே வருகின்றன. மூடிய வீடுகளும் ஒரு மதுக்கடையும் மட்டும் மிஞ்சிய ஊர்கள் ஏராளம். அங்கிருந்து போன பிள்ளைகள் வேலை பார்ப்பது புர்கோஸ் போன்ற நகரங்களில்தான். ஏறத்தாழ 1.75 லட்சம் பேர் வாழும், சுற்றுலாவை மட்டுமே நம்பியிராத தொழில் நகரம் இது. மாலையில் எஸ்போலோன் நடைபாதையில் வெட்டிச் சீராக்கிய மரங்களுக்கு நடுவே தாத்தா பாட்டிகள் கைகோத்து உலாவுவதைப் பார்த்தால், கிராமங்களில் காணாமல் போனவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்பதும் தெரிந்துவிடும்.

மேற்கே 180 கிலோமீட்டரில் லியோன் இருக்கிறதே, அதன் வண்ணக் கண்ணாடிப் பேராலயம் இதைவிட அழகாயிற்றே, அங்கே தங்கலாமே என்பார்கள். அழகைப் பற்றிச் சண்டை வேண்டாம்; கண்ணாடியில் லியோன் ஜெயிக்கும். என் கணக்கு வேறு. இரண்டு நகரங்களுக்கும் நடுவில் மேட்டுநிலம்: கோதுமை வயல், எதிர்க்காற்று, நிழலற்ற சாலை. குளிர்காலம் ஒன்பது மாதம், நரகம் மூன்று மாதம் என்று ஊர்க்காரர்களே சொல்லும் தட்பவெப்பம். அதைக் கடந்தபின் தங்குகிறவர் கடந்ததை நினைத்துப் பெருமூச்சு விடலாம். முன்னால் தங்குகிறவருக்கு அந்த நிலத்தைப் படிக்கத் தெரிந்திருக்கும். நாள் இருந்தால் இரண்டிலும் தங்குங்கள். ஒன்றுதான் என்றால் புர்கோஸ்.

நாளைப் பிரிக்கும் விதத்திலும் ஊரின் வழக்கத்துக்குப் பணிய வேண்டும். திங்கட்கிழமை வேண்டாம், பல அருங்காட்சியகங்களுக்கு அன்று விடுமுறை. பகல் இரண்டு மணிக்குக் கடைகள் சாத்தி ஐந்து மணிக்குத்தான் திறக்கும், இரவுச் சாப்பாடு ஒன்பதுக்கு முன் கிடைப்பது கடினம். மதுக்கடைகளில் சின்னத் தட்டில் கிடைக்கும் மோர்சில்யா, பன்றி ரத்தத்தோடு வெங்காயமும் அரிசியும் சேர்த்து அடைத்துச் செய்வது. நெல் விளையாத குளிர்நாட்டில் அரிசி எப்படி வந்தது என்று கேட்டால் மறுபடி வணிகச் சாலைக்குத்தான் வந்து நிற்போம். ரத்தம் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இருக்கவே இருக்கிறது புர்கோஸ் பாலாடைக்கட்டி. வெள்ளை வெளேரென்று, நம்மூர்ப் பனீரைவிட மிருதுவாக இருக்கும், தேன் ஊற்றித் தருவார்கள். காலையில் பேராலயமும் சான் நிக்கோலாஸும், மதியத்துக்குப் பிறகு எலும்புகள் என்று வைத்துக்கொண்டால் மிச்சம் இருப்பது மேற்குக் கோடியில் லாஸ் வேல்காஸ் மடம். 1187ல் எட்டாம் அல்போன்சோவும் இங்கிலாந்து இளவரசியான அவர் மனைவி லியோனோரும் நிறுவியது. அரச குடும்பத்துக் கல்லறைகளை நெப்போலியனின் படைவீரர்கள் உடைத்துக் கொள்ளையடித்தார்கள். 1275ல் இறந்த இளவரசர் பெர்னாண்டோ தே லா செர்தாவின் கல்லறை மட்டும் தப்பியது. கோட்டையும் சிங்கமும் மாறி மாறி நெய்த அவருடைய உடைகள் நிறம் மங்கியும் முழுசாக அங்கே இருக்கின்றன. பக்கத்திலேயே மன்னர் சத்திரம், கூனிக் எண்ணிய முப்பத்திரண்டில் பெரியது, இப்போது பல்கலைக்கழகத்தின் சட்டக் கல்லூரி. மறுநாள் மேற்கே கிளம்பும்போது எப்படியும் இந்தப் பக்கமாகத்தானே போகிறோம் என்று மடத்தைத் தள்ளிவைக்கத் தோன்றும். வைக்காதீர்கள். காலை பத்து மணி வாக்கில்தான் மடம் திறக்கும். அதற்குள் சைக்கிள்காரர் 20 கிலோமீட்டர் தாண்டி ஓர்னியோஸ் கிராமத்தில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும், வெயிலும் காற்றும் ஏறுவதற்கு முன்னால்.